இன்ஸ்பெக்டரின் புதுத் தொட்டி

ஜனவரி 9

இன்ஸ்பெக்டரால் இன்று சரியாகத் திரும்ப முடியவில்லை. வாலை ஒடித்து, மூக்கைக் கண்ணாடியில் உரசி, பாதியில் நின்று யோசித்துத்தான் திரும்பினார். குறுகிய சந்தில் லாரியைத் திருப்பும் ஓட்டுநரைப் பார்ப்பது போல இருந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் என் கடைசி வகுப்புப் பிள்ளைகள் ஜாம் பாட்டில் அளவுக் குடுவையில் கொடுத்த தங்கமீன். ஒரு வாரம் தாங்காது என்றார்கள். பிறகு சின்னத் தொட்டி வந்தது. இப்போது என் உள்ளங்கை நீளம். வகுப்பு வாசலில் நின்று வாயைத் திறந்து மூடி, கடைசிவரை ஒன்றும் சொல்லாமல் போகும் ஆய்வாளர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வருவார். அதனால்தான் இந்தப் பெயர்.

ஜனவரி 12

வண்ணமீன் கடைக்காரம்மா நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: "இந்தத் தொட்டியில இது ரொம்ப நாள் தாங்காது டீச்சர். ஒண்ணு, பெரிய தொட்டி வாங்குங்க. இல்லன்னா என்கிட்ட விட்டுடுங்க, பின்னாடி குளத்துல போட்டுக்கறேன்."

விட்டுவிடலாமா? வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் என் பக்கத்து மூலைக்கு ஓடி வந்து நின்றார். யோசனை அதோடு முடிந்தது.

ஜனவரி 15

பெரிய தொட்டியை எங்கே வைப்பது? ஜன்னல் பக்கம் வெயில், பாசி பிடிக்கும். கதவுப் பக்கம் நடை வழி. மிச்சமிருப்பது என் வீட்டுக்காரர், இவருடைய சாய்வு நாற்காலி இருக்கும் சுவர்தான்.

செய்தித்தாளை இறக்காமலே கேட்டார்: "ஆக, மீன் உள்ள வருது, நான் வெளிய போறேன்?"

"கொஞ்சம் தள்ளித்தாங்க போறீங்க."

"இந்த வயசுல என்னைத் தள்ளி வெக்கறே."

மாலையில் பார்த்தால் நாற்காலியைத் தானே நகர்த்தி, தரையைத் துடைத்து, கிருமிநாசினி போட்டு மறுபடியும் துடைத்து வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளை வேகவைத்துச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் கிருமிக்கு வாடகைக்குக்கூட இடம் கிடைக்காது.

ஜனவரி 20

தொட்டி வந்தது. ஆசையாக நிரப்பினேன். ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொடுகிறது, மறுபக்கம் ஒரு விரல் கீழே. மேசை சாய்ந்திருக்கிறது. எல்லாத் தண்ணீரையும் வெளியே மொண்டு ஊற்றி, காலுக்கு அடியில் கட்டை கொடுத்து, மறுபடி முதலிலிருந்து.

"போர்டுல நீ போடற கோடு நேராத்தானே இருக்கும்?" என்றார்.

"போர்டுல தண்ணி ஊத்திப் பார்த்ததில்லையே."

ஜனவரி 24

புதுத் தண்ணீரில் மீனை அப்படியே விடக் கூடாதாம். மீனின் கழிவிலிருந்து நஞ்சு வரும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பழைய வடிகட்டிப் பஞ்சின் பழுப்பு அழுக்கில் குடியிருக்கின்றன. எனக்கு இப்படிப் புரிந்தது: தொட்டி என்பது பள்ளிக் கட்டடம், மீன் மாணவர், பஞ்சில் இருப்பவர்கள் ஆசிரியர்கள். ஆசிரியரே இல்லாத கட்டடத்தில் பிள்ளைகளை அடைத்தால் என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது?

ஆகவே நாளை மாணவருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரே நாளில் இடமாற்றம்.

ஜனவரி 25

காலையில் இன்ஸ்பெக்டரைப் புதுத் தொட்டிக்கு மாற்றினேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஒரு சுற்று, முழுச் சுற்று, எங்கும் இடிக்காமல். கை தட்டியேவிட்டேன்.

பழைய பஞ்சைப் பழைய தண்ணீரோடு ஒரு வாளியில் போட்டுவைத்தேன். திரும்பி வந்து புது வடிகட்டிக்கு ஏற்ற மாதிரி வெட்டிப் பொருத்தலாம் என்று பல் டாக்டரிடம் போனேன்.

வந்தால் சமையலறை முழுக்க ஆவி. அடுப்பில் பெரிய பாத்திரம். இவர் இடுக்கியால் பஞ்சைத் தூக்கிக் காட்டுகிறார். வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. பழைய தொட்டியும் கூழாங்கற்களும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் காய்கின்றன.

"எவ்ளோ அழுக்கு தெரியுமா? நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு பார்த்தேன்."

அந்த முகத்தில்தான் எவ்வளவு சந்தோஷம். ஊசி போட்டு மரத்துப்போன வாய் எனக்கு. "போச்சுங்க, எல்லாம் போச்சு" — அவ்வளவுதான் வந்தது, அதுவும் குழறி.

பிறகு பள்ளிக்கூட உதாரணத்தைச் சொன்னேன். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப, வாத்தியாருங்களையா வேகவெச்சேன்?"

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விளக்கினேன், வீட்டில் இருப்பவருக்கு நேற்றே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஜனவரி 26

கடைக்காரம்மாவிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டேன். "தரமாட்டேன் டீச்சர். என் தொட்டிங்கள்ல வெள்ளைப்புள்ளி நோய். பஞ்சோட அதுவும் வந்துடும். மீனையும் இங்க கொண்டாந்துடாதீங்க. தினம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, தீனியக் குறைங்க. நுண்ணுயிர் தானா வரும். அது வர்ற வரைக்கும் மீன் தாங்கணும், அதான்."

அதான்.

ஜனவரி 29

சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட வேண்டும். மஞ்சளாக இருந்தால் நலம். பச்சையாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறார். நான் கிட்டே போயும் வரவில்லை.

பிப்ரவரி 1

மகள் தொலைபேசியில், "ஒரு மீனுக்கா அம்மா இவ்ளோ?" என்றாள். இவர் என் கையிலிருந்து வாங்கி, "மீன் இல்லம்மா, பேஷன்ட்" என்றார்.

உண்மையிலேயே கூடத்தை ஆபரேஷன் தியேட்டர் ஆக்கிவிட்டார். வெளியே எடுக்கும் தண்ணீருக்குச் சிவப்புப் பட்டை ஒட்டிய வாளி, உள்ளே விடும் தண்ணீருக்கு நீலப் பட்டை. குளோரினைப் போக்கும் மருந்து விட்டு, வெப்பமானி வைத்து, இரண்டு தண்ணீரும் ஒரே சூடு என்று உறுதியான பிறகுதான் ஊற்றுவார், அதுவும் தட்டில் விழுந்து வழிகிற மாதிரி. தொட்டியில் கைவிடும் முன் சோப்புப் போடக் கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மட்டும் ஒரு பகல் முழுக்க வாதாடினார்.

இன்று நான் நீல வாளிக் குவளையைச் சிவப்பு வாளியில் போட்டுவிட்டேன்.

"டீச்சர், கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நின்றேன்.

பிப்ரவரி 6

பச்சை.

பிப்ரவரி 7

பச்சைதான். கொஞ்சம் வெளிறியிருக்கிறதோ? இவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "உன் ஆசைதான் வெளிறித் தெரியுது" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை அவரே பார்த்தார்.

பிப்ரவரி 12

வேகவைத்த பஞ்சைத்தான் வடிகட்டியில் போட்டிருந்தோம். அதன் ஓரத்தில் பழுப்பு! இவர் விரல்கள் பரபரத்ததைப் பார்த்தேன். தலைமையாசிரியர் முன் நிற்கும் பையன் மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாத்தியாருங்க வர்றாங்களோ?"

பிப்ரவரி 16

மஞ்சள். நல்ல மஞ்சள்.

ஆனால் வேறொரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் இரண்டாவது குழாய் ஊதா; அது நீலமாக இருக்க வேண்டும். முதல் நஞ்சைத் தின்பவர்கள் அதை இன்னொரு நஞ்சாக்கி அனுப்புகிறார்கள். அதைத் தீர்க்க வேறு ஆட்கள் வர வேண்டும். "ஒண்ணாம் கிளாஸ் டீச்சர் வந்தாச்சு, ரெண்டாம் கிளாஸ் டீச்சர் இன்னும் வரல" என்றேன்.

"மொத்தம் எத்தனை கிளாஸ்?"

"ரெண்டேதான்."

"நல்லவேளை. காலேஜ் வரைக்கும் போகும்னு பயந்தேன்."

வாளிகள் தொடர்கின்றன.

மார்ச் 9

முதல் குழாய் மஞ்சள். இரண்டாவது குழாயில் ஊதா போய் வெளிர் நீலம். நஞ்சு இல்லை! காலையில் பார்த்தேன், நம்பாமல் மத்தியானமும் பார்த்தேன். அதே நிறம்தான். எத்தனையோ பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்த்திருக்கிறேன், எதையும் இப்படி இரண்டு தடவை சரிபார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அம்பு மாதிரி போகிறார். திரும்புவது தெரியாமல் திரும்புகிறார். துடுப்பெல்லாம் விரிந்து, பள்ளி விழாவுக்குப் புதுச் சட்டை போட்டு வந்த மாதிரி. தீனி போட நான் போனால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இவருடைய நாற்காலிப் பக்கம் ஓடுகிறார். துரோகி.

நாற்காலி இப்போது தொட்டியைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. செய்தித்தாள் மடித்தபடியே கிடக்கிறது.

ஏப்ரல் 4

கடைக்காரம்மா வந்திருந்தார். நோய் போவதற்காக எல்லாத் தொட்டியையும் காலி செய்து, மருந்து போட்டுக் கழுவிப் புதிதாகத் தொடங்குகிறாராம். எங்கள் தொட்டியின் முன்னால் குனிந்து பார்த்தார். "இவ்ளோ வளர்ந்துட்டானா?" என்றார். அப்புறம், "டீச்சர், உங்க பஞ்சுல ஒரு துண்டு கிடைக்குமா?"

"அது என் இலாகா இல்ல" என்று இவரைக் கைகாட்டினேன்.

இவர் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறவைத்து, பஞ்சில் இருப்பதிலேயே அழுக்கான பாதியை வெட்டினார். தொட்டித் தண்ணீரோடு ஒரு பையில் இட்டுக் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது இவர் மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேம்மா. அதைக் கழுவிடாதீங்க."

கடைக்காரம்மா என்னைப் பார்த்தார். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார், ஒன்றும் சொல்லவில்லை.