குங்கிலியப் புகை வளைந்த இடம்

இன்று உன் ஆண்டுத் திவசம். மகள் தணலில் குங்கிலியத்தைப் போட்டாள். புகை நேரே எழும்பி, யன்னலுக்குக் கிட்டப் போனதும் வளைந்து, பலகை வெடிப்புக்குள் நுழைந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னப்பா, அம்மாட திவசத்தில சிரிக்கிறீங்க?" என்றாள்.

"கொம்மாவைக் கண்டன் புள்ள" என்றேன்.

அதனால்தான் பென்சிலை எடுத்தேன். இந்த வருஷம் எனக்கு எழுத்து வந்துவிட்டது. "காடு வா எண்டுற வயசில உனக்கென்ன கா படிப்பு?" என்று பக்கத்து வளவுக்காரன் கேட்டான். "காட்டுக்குப் போனாலும் கைநாட்டு வைக்க மாட்டன்" என்றேன். ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு வாய் வெற்றிலை சப்பி முடிகிறது. முடியட்டும். நீ எழுத்துத் தெரியாதவள், இப்போது இல்லாதவளும்கூட. அதற்காக உனக்கு மடல் எழுதக் கூடாது என்று யார் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

உன் சீதன வயலை விற்று நாம் அந்தப் பழைய காரை வாங்கியபோது ஊரே நம்மைப் பைத்தியம் என்றது. அதுவரை நான் ஊரின் பெரிய வயற்காரரான போடியாரின் முல்லைக்காரன். அவருடைய வயலைக் காவல் காத்து, அவருடைய வயலோர வாடிக் குடிசையில் படுத்து, அவர் அளந்து தந்ததை வாங்கிக்கொண்டு வந்தவன். கார் வந்த பிறகு சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு ஆட்களை ஏற்றிப் போனேன். 'டேய்' என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் 'தம்பி' என்றன. போடியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு நெல் வெட்டுக் காலத்தில் அந்தச் சீழ்க்கை தொடங்கியது. ஊருக்குள்ளிருந்து பெரிய தெருவுக்கு ஏறப் போடியாரின் வயல் வட்டைக்குள்ளால் போகிற பாதை ஒன்றுதான். அந்தப் பாதை ஓரத்திலே அவருடைய சூடடிக்கும் களம். கார் களத்தடிக்கு வந்ததும் முன்மூடிக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை கிளம்பும். களத்தைத் தாண்டினால் நின்றுவிடும். களத்தில் நம் ஆட்கள் நெல்லைக்கூட நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். பேர் விளங்கினால் பூதம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அங்கே சீழ்க்கை அடிப்பது பூதத்துக்குப் பாக்கு வைத்து அழைப்பது போல.

போடியார் தானே வாசலுக்கு வந்தார். "வாற வெள்ளிக்குள்ள கட்டாடியாரைக் கொண்டு உன்ட கார்ல இரிக்கிற பேயை ஓட்டு. இல்லாட்டி என்ட வட்டைக்குள்ளால கார் போகாது" என்றார். பிறகு குரலைத் தணித்து, "மறுகா என்ன, வாடி சும்மாதான் கிடக்கு. பழையபடி வந்திரு" என்றார்.

உள்ளேயிருந்து நீ சொன்னாய்: "வாடியில நாய் படுக்கட்டும் போடியார்."

அவர் போனபின் என் பக்கம் திரும்பினாய். "இது என்ட ஊடு. அந்த வாடிக்குத் திரும்பிப் போறதெண்டா இந்தப் படி ஏறவேணாம்." நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. நீ சொன்னால் சொன்னதுதான்.

களத்தடியிலேயே காரை நிறுத்தித் தேடினேன். விசிறி வாரைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன், சீழ்க்கை நிற்கவில்லை. தண்ணீர் மூடியைத் துணியால் இறுக்கினேன், நிற்கவில்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன், எல்லா இடமும் ஒன்றுபோல இரைந்தது. வேகமாய் விட்டால் சத்தமே இல்லை. களத்தடியில் மாட்டுவண்டிகள் உழுதுபோட்ட பள்ளங்கள் இருந்ததால் அங்கே மட்டும் நான் காரை மெல்ல விடுவேன். அது எனக்கு உறைக்கவில்லை. களத்தைக் கண்டால்தான் பூதம் கூப்பிடுகிறது என்று நானும் பாதி நம்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டாடியார் நம் வாசலுக்கு வந்தார். எஞ்சினை மெல்ல ஓடவிடச் சொன்னார். சீழ்க்கை வந்தது. தூபக்காலை ஆட்டிக்கொண்டு மூடியைத் திறந்த எஞ்சினைச் சுற்றி வந்தார்.

"பாருங்க, பேய் புகையைக் குடிக்கிது" என்றார்.

கூடி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். நீ முன்னால் வந்தாய்.

"எதால குடிக்கிது, கட்டாடியார்?"

"என்ன புள்ள கேக்கிறாய்?"

"பேய்ர வாய் எங்க எண்டு கேக்கிறன்."

குனிந்து பார்த்தாய். மற்ற இடமெல்லாம் புகை மேலே போனது. பெற்றோலும் காற்றும் போகிற குழாய் எஞ்சினோடு பொருந்துகிற இடத்தில் மட்டும் நூல்போல வளைந்து உள்ளே போனது. ஈரத் துணியைச் சுருட்டி அங்கே அழுத்தினாய். சீழ்க்கை நின்றது. எடுத்தாய், அடித்தது. வைத்தாய், நின்றது. உன் விரல் கொப்பளித்தது, நீ கையை எடுக்கவில்லை.

கட்டாடியார் நல்ல மனுசன். "பேய்ர வாயையே பொத்திப்போட்டாள். இனி எனக்கென்ன வேலை?" என்று குந்தி வெற்றிலை மடித்தார்.

கழற்றிப் பார்த்தால், இரண்டு இரும்புக்கும் நடுவே இருந்த கடதாசி ஒரு மூலையில் கிழிந்திருந்தது. எஞ்சின் அந்தக் கீறலால் காற்றை உறிஞ்சியதுதான் சீழ்க்கை. புதுக் கடதாசிக்கு எங்கே போவது? நீ உள்ளே போய் கூரை வளையில் செருகியிருந்த தடித்த அட்டையை எடுத்து வந்தாய். போடியார் மகளின் கலியாண அட்டை. அதில் என்ன எழுதியிருந்தது என்று நம் இருவருக்கும் தெரியாது. எண்ணெயில் ஊறவைத்து, அளவாய் வெட்டிப் பூட்டினோம். எஞ்சின் தன் சொந்தச் சத்தத்தில் ஓடியது.

அன்றுதான் நீ முதன்முதலாக முன் இருக்கையில் ஏறினாய். களத்தடியில் போடியார் காரை மறிக்கத் தயாராய் நின்றார். நான் மெல்ல விட்டேன். சூடடித்தவர்கள் மாட்டை நிறுத்திக் காது கொடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

பிறகு சீழ்க்கை வந்தது. நீளமாக, களம் முழுக்கக் கேட்கும்படி. திரும்பிப் பார்த்தேன். கொப்பளித்த விரலும் கொப்பளிக்காத விரலும் உன் வாயில்.

"கார் திரும்பவும் அடிக்கிது" என்று போடியார் ஓடிவந்தார்.

நீ தலையை வெளியே நீட்டினாய். "கார் இல்ல போடியார், நான்தான். பாதையை மூடுறதெண்டா முதல்ல என்ட வாயை மூடிப் பாருங்க."

சூடடித்தவர்களில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே பாதையை மறிக்கப் போடியாரால் முடியவில்லை. அந்த வெட்டில் அவருடைய பொலி ஒரு மரைக்கால்கூடக் குறையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். நான் வாடிக்குத் திரும்பவே இல்லை.

"வாய் எங்க எண்டு கேக்கிறன்." பயம் வருகிற இடத்திலெல்லாம் இதைத்தான் கேட்டேன். இந்த வயதில் எழுத்துகள் வரிசையாய் நின்று என்னைப் பயமுறுத்தியபோதும் இதைத்தான் கேட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் பின்னேரமாகிவிட்டது. பென்சிலை வைத்துவிட்டுக் களத்தடிக்கு நடந்தேன். இப்போதும் வெட்டுக் காலம்தான். பழைய போடியார் இல்லை, அவருடைய மகன் நின்றான். இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன். பல் போன வாய், காற்றுத்தான் வந்தது. ஆனாலும் அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

நாளைக்கும் போவேன்.