செதில் கழுவிய விதம்

2007 ஜூலை 12, வியாழன்

மேல்காற்று. வாசலெல்லாம் புழுதி.

நான் மீன் வியாபாரம் தொடங்கிவிட்டதாகக் கோட்டுச்சேரி நாத்தனார் சொல்லித் திரிகிறாளாம். பொய். நான் மீன் விற்கவில்லை. செதில் சேர்க்கிறேன். கொடுவா மீன் செதில், வாரம் ஒரு டப்பா, ஐஸ் வைத்து, சென்னை பஸ்ஸில். மகள் சுமதி அங்கே பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியல் ஆய்வு மாணவி. செதிலிலிருந்து ஒரு புரதம் எடுத்து, தீக்காயத்தின் மேல் ஒட்டுகிற மெல்லிய படலம் செய்கிறாள். நான்காவது வருஷம். இதை நாத்தனாருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

காலையில் காரைக்கால்மேடு கடற்கரை. ஏலம் முடிந்து மீன்காரி அஞ்சலை மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"மீன வுட்டுட்டு செதில மட்டும் கேட்டு வாங்குறது ஊருலயே நீங்க ஒருத்தவங்கதாம்மா. கொழம்புல போட்டா வேகுமா அது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 14, சனி

வாங்க வேண்டியது: ஐஸ், தெர்மோகோல் பெட்டி, டேப், பி.பி. மாத்திரை.

பிரெஞ்சு தேசிய தினம்; பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் ஊர்வலம். பேண்டு சத்தம் ஓய்ந்ததும் சுமதி போன். அவ்வளவு சந்தோஷம் குரலில்.

"அம்மா, நீ அனுப்புற செதில்ல செஞ்ச படலத்துல கிருமியே வளர மாட்டேங்குது. இங்க மார்க்கெட்ல வாங்குன செதில்ல நல்லா வளருது. எங்க கைடு சார் கேக்குறாரு, உங்க ஊரு மீனெல்லாம் சோப்பு போட்டுக் குளிக்குமான்னு!"

பிறகு, "நீ தண்ணில மட்டும்தானே கழுவுன?"

"ஆமா."

"சரிம்மா, எழுதிக்கிட்டேன்."



ஜூலை 15, ஞாயிறு

தண்ணீரில் மட்டும் இல்லை. கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறி வைத்து, கவிச்சி போன பிறகு மஞ்சள் நிறம் போகும் வரை அலசினேன். வீட்டுக்கு எந்த மீன் வந்தாலும் அப்படித்தான். தண்ணீர் போதும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆனால் நாற்றமடிக்கிற பெட்டியில் என் பெயரை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி அனுப்புவது? நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் கைக்குட்டையை மோந்து பார்த்துத்தான் வகுப்புக்குள் விடுவார்கள்.

மஞ்சள் கிருமியைக் கொல்லும். அஞ்சலைக்குக்கூடத் தெரியும்.

எத்தனை டப்பா அப்படிப் போயிற்று? எல்லாம்.

ஜூலை 17, செவ்வாய்

மறுபடி போன். சுமதிதான். இந்த முடிவை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டாராம் சார். அடுத்த மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டும். "அடுத்த பெட்டி எப்பம்மா வரும்?" கொடுவா வரத்து இல்லை என்றேன். இரண்டாவது பொய். அறுபத்தெட்டு வயதில்.

சொன்னால் அவளுடைய உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால், யாரோ ஒருவர் மஞ்சள் படாத செதிலில் செய்து பார்த்து, கிருமி வளர்கிறதே என்பார். என் மகளைப் பொய்க்காரி என்பார்கள். அவள் நோட்டில் இருப்பது நான் சொன்ன பொய்.

எதிர்வீட்டுக் கமலா: "என்னக்கா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"புழுதி" என்றேன்.

ஜூலை 18, புதன்

காற்று நிற்கவில்லை. கடிதம் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது, இன்றைய பஸ்ஸில் பெட்டியோடு. நகல்:

சுமதி, செதிலை மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவினேன். முதல் பெட்டியிலிருந்தே. நீ கேட்டபோது பொய் சொன்னேன். கட்டுரையை நிறுத்திவை. சாரிடம் தவறு என் அம்மாவுடையது என்று பெயரோடு சொல். இத்துடன் இரண்டு டப்பா: ஒன்று வெறும் தண்ணீரில் அலசியது, மற்றது வழக்கம்போல். மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டையும் சோதித்துப் பார். என்னைத் திட்டுவதானால் திட்டு, ஆனால் போனில் வேண்டாம். போனில் எனக்குப் பொய் வந்துவிடுகிறது. பெட்டி கிடைத்ததும் எழுத்தில் பதில் போடு.