அந்த ரஜாயின் அடிப்பக்கம்

என் அருமை அக்கா அந்தோணியம்மாளுக்கு,

நீ இருக்கும் இடத்தில் தையல் மிஷின் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உனக்கான மூன்றாம் மாதப் பூசை போன ஞாயிறு முடிந்தது. சாமியார் இந்தத் தடவையாவது உன் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டுக்காரம்மாவின் மகன் மாம்பலத்தில் வீடு கட்டுகிறான்; சாந்தோம் கடற்காற்று உடம்புக்கு ஆகவில்லையாம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் புதன்கிழமை முதல் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எதை நினைத்து அழுவதென்றுகூடத் தெரியவில்லை.

அடையாற்றுத் துரைசானிக்குத் தைத்த அந்தப் பஞ்சுப் போர்வையை, அந்த ரஜாயை, நீ மறந்திருக்க மாட்டாய். ஊட்டிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டும், உள்ளே வைத்த பஞ்சு வெளியே பிதுங்கக் கூடாது என்று அந்த அம்மா மிக நெருக்கமாக நெய்த துணியைக் கொடுத்தனுப்பியிருந்தார். கையில் பிடித்தால் காகிதம் மாதிரி மொடமொடத்தது. ஊசி இறங்கவே அடம் பிடித்தது. நான் வழக்கம்போல் சாக்கட்டியால் கட்டம் போட்டு, பஞ்சைப் பரப்பி, கீழ்நூலைச் சுற்றிக் கொடுத்தேன். நீ மிஷினை ஓட்டினாய்.

மேலே பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில்தான் வம்பு. ஒரு வரிசை ஒழுங்காக விழும். அடுத்த வரிசையில் மேல்நூல் கீழே இழுபட்டுக் கண்ணி கண்ணியாகத் தொங்கும். மேல்நூலை இறுக்கிப் பார்த்தாய், தளர்த்திப் பார்த்தாய். திருகாணியைத் திருப்பித் திருப்பி உன் விரல் சிவந்துவிட்டது.

"இன்னாடி இது, காலையில ஒரு மாதிரி தைக்குது, மத்தியானம் ஒரு மாதிரி தைக்குது. பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

துரைசானி வீட்டு பட்லர் மாணிக்கம் மறுநாள் சாயங்காலம் வந்தார். ரஜாயைப் புரட்டினார். "இன்னாம்மா, அடியில நூலு இப்படித் தொங்கிக்கினு கீது? தொரசானி என்னையில்ல வையும்!"

வேலை கைவிட்டுப் போய்விடுமே என்ற பயத்தில் என் நாக்கு முந்திக்கொண்டது. "அக்காவுக்கு வயசாச்சு நைனா, கை நடுங்குது. நான் பிரிச்சுத் தச்சுத் தரேன்."

நீ என்னைப் பார்த்தாய். என்னவோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் மிஷின் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால், "நீயே ஓட்டு" என்பாய், அவ்வளவுதான். அடுத்த வாரம் காய்ச்சல். பத்து நாளில் உன்னைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உன் தையலைப் பிரித்தேன். நெருக்க நெசவு அல்லவா, ஊசி போன வழி மூடவே இல்லை. வரிசை வரிசையாகப் பொத்தல். நனைத்துத் தேய்த்தும் போகவில்லை. மாணிக்கம் வாங்க மறுத்துவிட்டார். அந்த ரஜாய் இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. இந்த வெயிலில் யார் போர்த்துவது?

போன வாரம் வேறொருவருக்கு ஒரு ரஜாய் தைக்க உட்கார்ந்தேன். அதே தொங்கல். என் கை நடுங்கவில்லையே! கீழ்நூல் ஓடும் ஷட்டிலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, புதன்கிழமை சைதாப்பேட்டை மிஷின் ரிப்பேர் பாயிடம் போனேன். அவர் குண்டூசியால் உள்ளே சுரண்டினார். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ வந்தது.

"மெழுகும்மா. கீழ்நூலுக்கு மெழுகு பூசுறியா?"

ஆமாம் அக்கா, பூசினேன். அந்தத் துணியில் நூல் அடிக்கடி அறுந்தது. ஓரத்தைக் கையால் தைக்கும்போது நூலுக்கு மெழுகு தேய்ப்பேனே, அதேபோல் கோயிலில் மிஞ்சிய மெழுகுதிரித் துண்டால் தேய்த்துச் சுற்றினேன்; போன வாரமும் அப்படித்தான் சுற்றினேன். உனக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றுதான். சொன்னால் "உன் வேலையைப் பாருடி" என்பாய் என்று சொல்லவில்லை. வெயில் ஏற ஏற மெழுகு இளகி நூலைப் பிடித்து இழுத்திருக்கிறது.

பாய் மண்ணெண்ணெயில் கழுவி, வெறும் நூல் போட்டு, ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டினார். மேலும் கீழும் ஒரே மாதிரி. அதோடு விட்டிருந்தால் நான் செத்த உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுது தீர்த்திருப்பேன். அவர் விடவில்லை.

"உங்க அக்காவாண்ட அப்பவே சொன்னேனேம்மா. அன்னிக்குக் காலையில ஷட்டிலை எடுத்துக்கினு வந்தாங்க, மெழுகை வழிச்சுத் துடைச்சுக் குடுத்தேன். 'தங்கச்சி வேலையாத்தான் இருக்கும், நான் கேட்டுக்கறேன்'னு சிரிச்சாங்க. சாயங்காலம் பட்லர் வர்றாருன்னு அவசரமா கெளம்பிட்டாங்க."

மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்றுதானே அன்று என்னிடம் சொன்னாய்?

அப்படியானால் நான் பழி போட்டபோது உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பேசவில்லை? வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதென்றா? இல்லை, இவள் இவ்வளவு சுலபமாக என்னை விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று மனம் வெறுத்துவிட்டதா? பத்து நாள் படுக்கையில் கஞ்சிக்கு உப்புக் கேட்டாய், சன்னலைச் சாத்தச் சொன்னாய். இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? கோபம் என்றால் திட்டியிருக்கலாம், தாங்கியிருப்பேன். பாசம் என்றால் அதை எப்படித் தாங்குவது? ஒரு நேரம் இப்படித் தோன்றுகிறது, ஒரு நேரம் அப்படித் தோன்றுகிறது.

துரைசானி மலையிலிருந்து இறங்கிவிட்டாராம். நாளைக் காலை பாலம் தாண்டி அடையாறு போகிறேன். மாணிக்கத்தின் முன்னாலும் அந்த அம்மா முன்னாலும் நின்று, என் அக்காவின் கை நடுங்கவில்லை, கெடுத்தவள் நான்தான் என்று சொல்வேன். இனி வேலை தராவிட்டால் போகட்டும். இது சத்தியம், அக்கா. ஆனால் மாணிக்கம் சும்மா இருக்க மாட்டார். "அப்போ உங்க அக்கா அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்பாரே, நான் என்ன பதில் சொல்ல?

உன் மேல் பழி போட்ட,
உன் கூடப்பிறந்த தங்கை
லூர்து