கழுவித் தந்த ஜீப்

வெள்ளிக்கிழமை, இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. நேற்றுத் தன்னாமுனையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். ஜீப் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பஸ்ஸில் முட்டாத குறையாக நின்றது. மகளை மடியில் வைத்து நித்திரையாயிருந்த மனைவி விழித்து, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

இன்று முற்றத்தில் ஜாக்கி அடித்துப் பின்சில்லுகளைக் கழற்றினேன். பிரேக் ட்ரம்முக்குள் ஈர மணலும் பாசியும். பின் அச்சின் டிபரன்சல் ஒயிலை இறக்கினால் பால்தேத்தண்ணி மாதிரி வருகிறது. உள்ளே வாவியின் உப்புத் தண்ணீர். போன கிழமை ஜீப்பை இரவல் வாங்கிப் போனவன் மனைவியின் தம்பி ஒருவன்தான்.

போனில் கேட்டேன்.

"கரையிலதான் நிப்பாட்டினன், அத்தான்."

"அப்ப பாசி பறந்து வந்து ஏறினதாடா?"

"தோணி இழுக்கக் கொஞ்சம் தண்ணிக்குள்ள இறக்கினன்தான். அதுக்குத்தானே கழுவித் தந்தன்!"

கழுவினானாம்! வெளியே மினுக்கிவிட்டால் உள்ளே போன உப்பு சும்மா இருக்குமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே திறந்து துடைத்திருப்பேன். பளபளப்பைப் பார்த்துவிட்டு, பொறுப்பான பிள்ளை என்று நானே அவனைப் புகழ்ந்தேன்.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "தம்பிய ஏன் அப்பிடி ஏசினீங்க? கழுவித்தானே கொண்டந்து விட்டவன்."

நேற்று பிரேக் பிடிக்காதது அவனால்தான் என்று சொன்னால், அவள் தம்பியோடு பேசமாட்டாள். சொல்லாததால், என்னோடு பேசாமல் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.