கிழிக்கக் கூடாத காகிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

துவைக்கிற கல்லின் ஓரத்தில் நனைந்த காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது, வெள்ளிக்கிழமை காலை நான் முதலில் பார்த்தது அதைத்தான். நலம் கேட்காமலே ஆரம்பித்துவிட்டேன், மஸ்கட்டில் வெயில் குறைந்ததா, உன் கால்வலி எப்படி இருக்கிறது, இங்கே பெரியம்மா வீட்டில் எல்லாரும் சுகம், அதிலும் பெரியம்மா ரொம்பச் சுகம். போனில் பேசினால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்காருகிறார், அதனால் இதை லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற முருகையன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தையல் யூனிட்டில் ஜெயஸ்ரீ அக்கா எனக்கு ஒட்டுப்போர்வை கற்றுத் தருகிறார் என்று சொன்னேன் இல்லையா. முழுசாக இருக்கிற புதுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒன்றாகத் தைக்கிறார்கள், இதற்கும் வெளிநாட்டில் ஆள் இருக்கிறதாம், முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கட்டத்துக்கு ஒரு மாதிரி, நட்சத்திரம், படகு, கடைசியில் நம்ம ராஜகிரி மலை. படத்தைக் காகிதத்தில் அச்சடித்தோ வரைந்தோ, துணியை அதற்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே பொடித் தையலாக ஓட்ட வேண்டும். காகிதம் துணியின் பின்பக்கம் இருக்கிறது என்பதை மறந்து படத்தை அப்படியே வரைந்ததால் என் முதல் மலை இடம் வலம் மாறி வந்தது, பிரித்துத் திரும்பத் தைத்தேன். கட்டங்களை எல்லாம் இணைக்கிறவரை காகிதத்தைக் கிழிக்கக் கூடாது, கிழித்தால் குறுக்கே வெட்டின துணி இழுபட்டுக் கோணலாகிவிடும். போர்வையை முடித்துக் காட்டினால் யூனிட்டில் எனக்கு வேலை.

பெரியம்மாவுக்கோ மேல்மலையனூர் ரஞ்சித்துக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும். பத்தாவதோடு நின்னவளுக்கு இதுக்கு மேல இன்னா வேணும் என்கிறார், நீயும் சரி சொல்லிவிட்டாயாம். அன்று சாயங்காலம் அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, என் பையிலிருந்து கட்டங்களை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் காகிதத்தை எல்லாம் உரித்திருக்கிறார். மை இறங்கி மலை நீலமாகிவிட்டது, நட்சத்திரம் நசுங்கின தவளை மாதிரி இருக்கிறது. கேட்டதற்கு, குப்பையை வச்சுத் தைச்சிருக்கியே, பொண்ணுக்குச் சுத்தம் தெரியலைன்னு சொல்ல மாட்டாங்களா, நான்தாண்டி மானத்தைக் காப்பாத்தினேன் என்றார். எப்போதும்போல நான் தலையைக் குனிந்துகொண்டு, கட்டங்களைப் பிழிந்து திண்ணைக் கொடியில் காயப்போட்டேன்.

மாத்திரையை மறக்காதே அம்மா, அங்காளம்மன் உனக்குத் துணை இருப்பாள். பெரியம்மா போன் செய்தால், பெண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல். சரி சொல்லியிருந்தால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்.

அன்று சாயங்காலம் வந்த ரஞ்சித் மொபைலை விட்டு ஒரே ஒரு தடவைதான் தலை தூக்கினார், நீ எனக்கு வாங்கித் தந்த தையல் மிஷினைப் பார்த்து, இதுவும் பொண்ணோட வருமா என்று கேட்க. இவருக்காகத்தான் அத்தனை சோப்பு. அவர் அம்மா அந்த நீல மலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, யாரு தைச்சது என்றார். எங்க பொண்ணுதான், கைவேலையில கெட்டிக்காரி என்று பெரியம்மா இழுத்தார். நான் தலை நிமிர்ந்து, தைச்சது நான், துவைச்சது பெரியம்மா, மிஷினும் வராது, நானும் வரலை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், புதுக் காகிதம் எடுத்து ராஜகிரியை இடம் வலம் மாற்றி வரைய உட்கார்ந்தேன்.

உன் மகள்,
பூங்குழலி
செஞ்சி