றிம்ஸானின் விடுதிக்கு என் வளவால் பாதை இல்லை

அனுப்புநர்:
திருமதி அத்தாஉல்லா மர்ஷூதா,
கடற்கரை வீதி, கண்டக்குழி, கற்பிட்டி.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், கற்பிட்டி.

மூலம்: கிராம உத்தியோகத்தர், கண்டக்குழி.

விடயம்: ‘கடற்காற்று’ விடுதி உரிமையாளர் றிம்ஸான் என் காணியைத் தன் பாதையாகக் காட்டிச் செய்த விண்ணப்பத்துக்கு ஆட்சேபமும், அவர்மீதான முறைப்பாடும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி விடுதியில் மேலும் அறைகள் கட்ட றிம்ஸான் விண்ணப்பித்திருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் தரலாம் என்றும் தங்கள் அலுவலகப் பலகையில் கண்டேன். எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. வரைபடத்தில் “விடுதிப் பாதை” என்று அவர் காட்டியிருப்பது என் வாப்பா எனக்கு எழுதித் தந்த வளவின் தெற்குப் பக்கம். காணி உறுதியின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

2. அப்படியானால் இவ்வளவு காலம் அதனால் வான் போய்வந்தது எப்படி என்று ஐயா கேட்கலாம். விடுதி தொடங்கிய காலத்தில், பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் கைட் ஓட்ட வரும் வெள்ளைக்காரரை உள்ளே கொண்டுபோக வழியில்லாமல் றிம்ஸான் எங்கள் வாசலில் வந்து நின்றார். என் கணவர் அத்தாஉல்லா அப்போது கத்தாரில் வேலை. எங்கள் பக்கம் போனுக்குச் சிக்னல் ஒழுங்காகப் பிடிக்காது. “நீங்க வழியத் தாங்க லாத்தா, நான் வைஃபை தாறன், மதிலடியில நிண்டு நானாவோட ஆசை தீரக் கதைங்க” என்றார். ஒரே பள்ளியில் தொழுகிறவர், எழுத்துக் கேட்டால் குறையாக நினைப்பார் என்று வாய்ச்சொல்லோடு விட்டேன். என் மடமை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்!

3. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வெளிநாட்டில் ஆள் உள்ள பெண்கள் எல்லோரும் அந்த மதிலடிக்குத்தான் வந்தார்கள். அடுத்த வீட்டு ஸும்றா முறை பிரித்துக் கொடுப்பாள். முகக்கவசம் போட்டு, கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கதைத்தோம். ஒருத்தி அழுதால் மற்றவள் தன் முறையையும் அவளுக்கே விட்டாள். நோன்பு நாளில் நான் இங்கே நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது அவருக்கு அங்கே பொழுதுபட்டு மஃரிப் ஆக இன்னும் நேரம் கிடக்கும். “மெல்லக் குடி, எனக்கு வாயூறுது” என்று பகிடி விடுவார். அந்தச் சிரிப்பில்தான் ஐயா நான் அந்த நாட்களை ஓட்டினேன்.

4. நோன்பின் கடைசிப் பத்தில் றிம்ஸான் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். கேட்டதற்கு, வெள்ளைக்காரர் இல்லாமல் யாருக்காக வைஃபை போடுவது என்றார். உள்ளே அவரும் கூட்டாளிமாரும் கூடியிருந்து படம் பார்த்துச் சிரித்த சத்தம் என் குசினிவரை கேட்டது. என் வளவை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. நாங்கள் மறுபடியும் போய்க் கெஞ்சினோம். பெண்கள் கூட்டம் கூடுகிறார்கள் என்று பொலிஸுக்கு அறிவித்தார். பொலிஸார் வந்து எங்களைக் கலைத்தனர். அது அவர்களின் கடமை, அவர்கள்மேல் எனக்கு முறைப்பாடு இல்லை.

5. அதே நாட்களில் என் கணவருக்கு அங்கே கொரோனா பிடித்தது. எனக்குத் தெரியாது. அவருடைய அறைக் கூட்டாளி மின்ஹாஜ் சாதாரண அழைப்பும் எடுத்துப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. போனுக்குக் காசு ஏற்றி ரீலோட் போடக் கடைகளும் திறந்திருக்கவில்லை. ஊரடங்கைத் தளர்த்திய அன்று சந்திக்கு நடந்து போய் ரீலோட் போட்டேன். குரல் செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. முதலாவதில் என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “மர்ஷூதா, நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப்புச் செய்து போடு. ஒரு சொல்லுச் சொல்லிப் போடு” என்று கேட்டார். அடுத்ததிலும் அதையே கேட்டார். கடைசியில் மின்ஹாஜின் குரல். நானா மௌத்து, அடக்கியும் முடிந்தது என்றார்.

எங்களில் மௌத்தாகிறவர் பெண்சாதியிடம் மாப்புக் கேட்பார், அவள் “மாப்பு” என்று சொல்லி அனுப்புவாள். ஊமையும் தலையாட்டி அனுப்புவாள். நான் சந்தியில் நின்று வெறும் போனுக்குச் சொன்னேன். என் புருஷன் என் சொல்லுக்குக் காத்திருந்து, நான் கோபத்தில் வாய் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார். அதை எனக்குச் செய்தவர் றிம்ஸான்.

6. கணவர் மௌத்தானதால் நான் வீட்டுக்குள் இத்தாவில் இருந்தேன். அந்நிய ஆண்கள் முன்னால் நான் வர முடியாத அந்தக் காலம் பார்த்து, றிம்ஸான் என் காணியில் கிரவல் மண் கொட்டி, விடுதியின் பெயர்ப்பலகையை நட்டார். இப்போது விண்ணப்பத்துக்கு என் கையொப்பம் தேவைப்பட, ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்து, “பழச மறங்க லாத்தா, மாப்புச் செய்ங்க” என்கிறார். மாப்புச் செய்வது பெரிய நன்மை என்று மௌலவிமார் சொல்கிறார்கள். அந்த நன்மை எனக்கு வேண்டாம். வட்டிலப்பத்தைக் கோழிகளுக்குப் போட்டேன்.

7. ஆகவே, அந்தப் பாதையை விண்ணப்பத்திலிருந்து நீக்கவும், பலகையையும் கிரவலையும் அவர் செலவிலேயே அள்ளுவிக்கவும் வேண்டுகிறேன். விசாரணையை அந்த மதிலடியில், ஸும்றாவையும் மற்றப் பெண்களையும் வைத்துக்கொண்டு நடத்தவும். கடவுச்சொல்லை ஏன் மாற்றினேன் என்று அவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நட்டஈடு எதுவும் வேண்டாம்.

8. பாதை இல்லாவிட்டால் விடுதி இழுத்து மூடப்படும் என்று அவர் தங்கள் முன்னால் அழக்கூடும். ஐயா, அது மூடப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட நான் அவ்வளவு நல்லவளில்லை. நேற்றுப் பாதைக்குக் குறுக்கே முள்ளுக்கம்பி அடித்துவிட்டேன். தங்கள் தீர்ப்பு நியாயமாக இருக்கும் என்று நம்பிப் பணிவுடன் காத்திருக்கிறேன். அதுவரை றிம்ஸானுக்கு என்னோடு பேச வேண்டுமென்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன். எனக்கு நன்றாகக் கேட்கும். பதில் சொல்ல மாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
அ. மர்ஷூதா
(கையொப்பம்)

இடம்: கண்டக்குழி
திகதி: 2023.02.14