மீனாவுக்கு உடைத்த மருந்து

தை 5, சனி

பேத்தி மீனாவுக்கு ஒன்பது மாதம் முடிந்தது. மணல்வாரி அம்மை வராமல் இருக்கப் போடுகிற ஊசி இப்போதுதானாம். நானும் மருமகள் நாகஜோதியும் பாண்டியராஜன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் புதுப் பலகை. அரசு தடுப்பூசி இங்கே இலவசம் என்று. எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். மூத்த பேரனுக்குக் காசு வாங்கிக்கொண்டு போட்ட அதே டாக்டர்தான். இப்போது மருந்தும் குளிர்பெட்டியும் அரசாங்கமே கொடுக்கிறதாம்.

"இலவச ஊசி செவ்வாக்கெழமை மட்டும்தான் ஆத்தா. பிள்ளைக சேரணும். இன்னைக்கே வேணும்னா காசு ஊசி இருக்கு" என்றார்.

"ஆளு சேந்தாத்தான் கெளம்புமா? இதென்ன ஷேர் ஆட்டோவா?" என்று கேட்டுவிட்டேன். நாகஜோதி என் இடுப்பைக் கிள்ளினாள்.

தை 6

நினைக்க நினைக்க இடிக்கிறது. அலைய விட்டால் சலித்துப்போய்க் காசு ஊசிக்கு வருவோம். அதுதானே? அஞ்சாப்புப் படித்த எனக்கே புரிகிறது, ஊருக்குப் புரியவில்லை.

தை 8, செவ்வாய்

போகவில்லை. நான்தான் விடவில்லை.

தை 15, செவ்வாய்

இன்றும் போகவில்லை. "நீங்க டாக்டரைச் சந்தேகப்பட்டு முடிக்கிற வரைக்கும் எம்பிள்ளை காத்துக் கெடக்கணுமா அத்தே?" என்று நாகஜோதி முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். என் மகன் செல்வக்குமார் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் அப்பாவைப் போலவே.

தை 26, சனி

அலங்காநல்லூரிலிருந்து தங்கச்சி சின்னத்தாய் போன் செய்தாள். அவள் பேரனுக்கு மணல்வாரி போட்டுவிட்டதாம். கண் திறக்கவில்லை, பால் இறங்கவில்லை. ஊசி போட்டீர்களா என்றேன். "இல்லக்கா, நாளைக்கு நாளைக்குன்னு…" என்று அழுதாள்.

மீனா என் மடியில்தான் கிடந்தாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

தை 28, திங்கள்

நாளை தைப்பூசம். வண்டியூரில் தெப்பம். ஊரே அங்கேதான் போகும், கிளினிக்குக்கு ஒரு பிள்ளை வராது. அதனாலேயே நாளைக்குப் போகப் போகிறேன். இவள் ஒருத்திக்காக இலவச மருந்தை எடுக்கிறாரா, காசு ஊசியை நீட்டுகிறாரா? பார்த்துவிடுகிறேன். நீட்டினால் வாங்கித்தான் ஆக வேண்டும். சின்னத்தாய் அழுதது காதிலேயே நிற்கிறது. ஆனால் அந்த ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தை 29, செவ்வாய்

நானும் நாகஜோதியும் போனபோது, நினைத்தது போலவே கிளினிக்கில் ஒரு ஈ காக்காய் இல்லை. டாக்டர் மீனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கச்சி பேரன் கதையைச் சொன்னேன். "முன்னயே வந்துருக்கலாமுல்ல ஆத்தா" என்றார். அவ்வளவுதான். நர்சிடம் திரும்பி, "புதுக் குப்பிய உடைம்மா" என்றார்.

உடைத்தாள். ஊசி ஏறியது, மீனா வீறிட்டாள். குப்பியில் பாதிக்கு மேல் மருந்து அப்படியே நின்றது.

"அதை என்ன செய்வீக?"

"ஒரு குப்பி பல பிள்ளைகளுக்கு ஆத்தா. உடைச்சா மத்தியானம் வரைக்கும்தான். அப்பறம் கொட்டணும். அதான் ஒரே நாள்ல பிள்ளைகளச் சேக்குறது."

எனக்குச் சுருக்கென்றது. சோற்றுப் பருக்கையைக் கீழே விடாதவள் நான். இன்றைக்கு இந்த மருந்து கொட்டப்போவது யாரால்?

பிள்ளையை நாகஜோதி கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினேன். பட்டுப்பாவாடை கட்டிய மகளோடு தெப்பம் பார்க்க நின்ற எதிர்வீட்டுத் தாமரைச்செல்வியைப் பிடித்தேன். "ஒன்னரை வயசுல போடுற இதே ஊசி ஒம்மகளுக்கு இன்னும் போடலைனு நேத்துச் சொன்னியே, வாடி." "அத்தே, பஸ்ஸு வந்துரும்!" "தெப்பம் சாயங்காலமும் சுத்தும்டி." டீக்கடைக் காசிமாயன் பேத்தியைத் தொட்டிலோடு தூக்கப் போனேன், அவனே தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஆத்தா கட்சி மாறிருச்சு போல!" என்று கடையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மிச்சம் கொஞ்சம் கொட்டத்தான் செய்தார்கள். பார்க்காமல் வந்துவிட்டேன்.

மாசி 1

மீனாவுக்கு ஒரு நாள் காய்ச்சல், விட்டுவிட்டது. நாகஜோதி காபியில் எனக்குச் சர்க்கரை கூடப் போட்டிருந்தாள்.

மாசி 6, செவ்வாய்

சின்னத்தாய் பேரனுக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. எலும்பும் தோலுமாக இருக்கிறானாம். இருக்கிறானே, போதும்.

காலையில் பக்கத்துத் தெரு வரை நடந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். "என்ன ஆத்தா, இன்னும் என் மேல சந்தேகமா?" என்றார் டாக்டர்.

"இல்லைன்னு யாரு சொன்னா? என் கண்ணு முன்னால உடைங்க" என்றேன்.

உடைத்தார்.